ஐம்பத்தேழாம் நம்பர் புளியமரம்

“டீயக் குடிச்சுப்போட்டு அப்பறமா வெட்டுங்க. வெறும் வயித்தோட எதுக்குங்க இத்தன பெரிய சோலி?”

பழனியம்மாள் இதைச் சொன்னது மின்வாரியத்திலிருந்து வந்திருந்த ஆறு பேரிடம். சொல்லும்போது பார்த்தது என்னை.

காலை ஒன்பது மணி. பங்குனி வெயில் அதற்குள் தார் ரோட்டில் ஏறிவிட்டிருந்தது. பொள்ளாச்சி சாலையில், கிணத்துக்கடவு தாண்டி ஒரு பஸ் நிறுத்தம். அதை ஒட்டிப் பழனியம்மாளின் டீக்கடை. கடை என்றால் நான்கு கல்லுக்கால், பின்னால் ஒரு தட்டிச் சுவர், மேலே தார்ப்பாய். அதற்கும் மேலே ஒரு புளியமரம். கடைக்குத் தெற்கே முளைத்த மரம், கடைக்கு மேலாக நன்றாகச் சாய்ந்து, அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பது மாதிரி நின்றது. அடிமரத்தில் வெள்ளையில் 57 என்று எழுதியிருந்தது. எண்ணுக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி.

பெருக்கல் குறி என்றால் வெட்டு. போட்டவள் நான்.

“அம்மணிக்குச் சக்கர போதுமுங்களா? இன்னும் சித்தெப் போடட்டுங்களா?” என்று பழனியம்மாள் கேட்டார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு அவர் கொடுத்த மரியாதையில் நான் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

போர்மேன் ஆறுச்சாமி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிப்பதா வேண்டாமா என்று முழித்தார். “ஏனுங் அம்மணி, அவுங்க டீயையும் குடிச்சுப்போட்டு அவுங்க கூரையவே வெட்டோணுமுங்களா? நாங்க ஊருக்குள்ள நடமாட வேண்டாமா?” என்று என் பக்கமாக முனகினார்.

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. லைனில் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்திருந்தார்கள். ஒரு மணிக்குத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் மரம் கீழே வந்தாக வேண்டும்.

பெயிண்ட் டப்பாவும் மொபெட்டும்

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. வாரப் பத்திரிகையில் நினைவுக் குறிப்பு எழுதுகிறாயா, எதை நினைத்து என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மறப்பதற்குள் எழுதிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் வேலை தேடிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கடைசியில் கிடைத்தது ஆறு மாத வேலை. ஒரு சிறிய மரப் பாதுகாப்புக் குழு, சாலையோர மரங்களைக் கணக்கெடுக்க ஆள் தேடியது. கோடை மழைக்கு முன்னால் எந்த மரத்தை வெட்டுவது, எதில் கிளை கழிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒரு பட்டியல் வேண்டும். மின்கம்பிக்காரர்கள், ரோட்டுக்காரர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள்.

நான் போத்தனூரிலிருந்து மொபெட்டில் கிளம்புவேன். முன்னால் மூன்று பெயிண்ட் டப்பா: வெட்டச் சிவப்பு, கிளை கழிக்க மஞ்சள், விட்டுவிட வெள்ளை. பின்னால் நோட்டுப் புத்தகம், டேப்பு, தண்ணீர் பாட்டில். சுடிதாரில் மூன்று வண்ணமும் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் என்னைத் தேர்தல் சுவர் எழுத வந்தவள் என்று நினைத்து எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார்கள்.

கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று ஒரே சீராக மாதக்கணக்கில் அடிக்கும். அதற்கு மரங்கள் பழகிவிடும். சித்திரையை ஒட்டி வரும் கோடை மழைக் காற்று வேறு ரகம். நாலு மணி வரை இலை அசையாது. பிறகு மேற்கே ஒரு கறுப்பு, மண் வாசனை, கதவு படீரென்று சாத்துகிற சத்தம். மழை பத்து நிமிடம்தான். அதற்கு முன்னால் வரும் காற்று செய்கிற வேலை மூன்று நாளைக்குப் போதும்: ஒரு மரம் விழும், அது ஒரு கம்பியை இழுக்கும், கம்பி நாலு போஸ்ட்டை இழுக்கும், ஊருக்குள் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது.

“மரம் விழுந்து கரண்டு போச்சு” என்பார்கள். ஏதோ மரம் வேண்டுமென்றே செய்தது மாதிரி.

அந்த மரத்துக்கு நாம் செய்ததைக் கேட்க ஆளில்லை. கம்பி ஓடும் பக்கத்துக் கிளைகளை மட்டும் வருடா வருடம் வெட்டுவோம். மறுபக்கம் முழுக் கனமும் அப்படியே இருக்கும். ஒரு தோளில் மட்டும் மூட்டையை ஏற்றி, நேராக நட என்கிற மாதிரி. விளம்பரத் தகடுகளை ஆணி வைத்து அடிப்போம். ஆடு மேய்க்கிறவர்கள் எட்டுகிற கிளையை எல்லாம் இழுத்து ஒடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், குழி. தொண்ணூறுகளில் எங்கே பார்த்தாலும் டெலிபோன் கேபிளுக்குக் குழி. குழியில் எது குறுக்கே வந்தாலும் கடப்பாரைதான், வேர் வந்தாலும்.

இதை எல்லாம் அப்போதே நான் மேடையேறாத குறையாகப் பேசித் திரிந்தேன். தெரிந்து வைத்திருந்தேன் என்றும் நம்பினேன்.

வால்பாறை பஸ்ஸில் கவாத்துக் கத்தி

இந்தப் பைத்தியம் பிடித்த இடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது ஒரு தோழியின் வீட்டுக்கு வால்பாறை போயிருந்தேன். எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயனில் அவர்கள் வீடு. மூன்று நாள் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு சில்வர் ஓக் மரம்.

கண்டக்டர் உள்ளே திரும்பி, “யாருகிட்டயாவது அருவா இருக்குதுங்களா?” என்று கேட்டார். வேறு ஊர் பஸ்ஸாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஆட்கள் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பார்கள். எங்கள் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு கோணிப்பை முன்னால் வந்தது. உள்ளே பதினைந்து இருபது கவாத்துக் கத்திகள். தேயிலைச் செடியைக் காலம் பார்த்து அளவாக வெட்டிவிடுவதைத்தான் அங்கே கவாத்து என்கிறார்கள். பொள்ளாச்சிப் பட்டறையில் கொடுத்துத் தீட்ட எடுத்துப் போகிற கத்திகள். “மொன்னையாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லி, பைக்குச் சொந்தக்காரப் பெண் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

எல்லோரும் வெட்டினார்கள். நான் மரத்தின் அடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாலைக்குச் சாக்கடை வெட்டியபோது மரத்தின் ஒரு பக்க வேர் முழுவதையும் சீவியிருந்தார்கள். வெட்டு பழசாகிக் கறுத்திருந்தது. அடடா, இது காற்றால் விழவில்லை, என்றைக்கோ விழுந்ததை இன்றைக்குக் காற்று முடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றிய அந்த நிமிடம், உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. ஆழியாறு வரும் வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் அதையே பேசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே “ஆமாமா” என்றார்.

வேரைப் பார் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டவள், பொள்ளாச்சி சாலையில் எதைப் பார்த்தேன் தெரியுமா? தூக்குக்குண்டை.

மரத்துக்கு மட்டம்

கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு. போத்தனூரில் ஒரு இரும்புக் கடையில் வாங்கினேன். என் யோசனை எளிமையானது: சாய்ந்த மரம் விழும், நேரான மரம் நிற்கும், சாய்வை அளந்தால் ஆபத்தை அளந்த மாதிரி. மரத்தை ஒட்டி நூலைப் பிடித்து, அடியில் எத்தனை விரல் தள்ளிக் குண்டு தொங்குகிறது என்று எழுதிக்கொள்வேன். இதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பழனியம்மாளின் கடைக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். கடைதான் குடும்பம். நான் புளியமரத்தில் குண்டைத் தொங்கவிட்டதும் கையிலிருந்த டீத்தூள் வடிகட்டியோடு வெளியே வந்தார்.

“ஏனுங் அம்மணி, மரத்துக்கு மட்டமா பாக்கறீங்க? செவுரு எழுப்பப் போறீங்களா?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கினேன். சாய்வு, பாரம், பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள், பக்கத்தில் போகும் மின்கம்பி. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அது மொளச்சதுல இருந்தே அப்பிடித்தானுங்க. என்ற மாமியாளும்தான் இருவது வருசமாக் கூனிக்கிட்டு நடக்குது. இன்னிக்கு வரைக்கும் உளுந்ததில்ல, எங்களத்தான் உளுத்தாட்டுது.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிவப்பு டப்பாவைத் திறந்தேன்.

அப்போதுதான் அவர் குரல் மாறியது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே புதிதாக ஒரு பேக்கரி. கான்கிரீட் கூரை, இரண்டு மின்விசிறி, கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன். “இந்த நெழலு இருக்கறதாலதான் பஸ்ஸுக்கு நிக்கற சனம் ரோட்டுக்கு இக்கட்டால நிக்குது. நெழலு போச்சுன்னா அத்தன பேரும் ஃபேனுக்கு அடியில போயிருவாங்க. அப்பறம் நான் ஆருக்குங்க டீ ஆத்தறது?”

“புது மரம் நடுவோம்க்கா” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. அந்த மரம் நிழல் தருவதற்குள் அவர் பெண்களுக்குக் கல்யாணமாகிவிடும்.

குறியைப் போட்டுவிட்டுக் கடைக்கு வடக்கே போனேன். அங்கே ஐம்பத்தெட்டு: ஒரு தூங்குமூஞ்சி மரம். உயரமாக, குடை மாதிரி விரிந்த தலையோடு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பத்தடியில் டிரான்ஸ்பார்மர். குண்டைத் தொங்கவிட்டேன். ஒரு நூல் கூடப் பிசகவில்லை. கோயில் தூண் மாதிரி நேர்.

வெள்ளை வளையம்.

மூன்று முடிச்சு

இப்போது அந்தப் பங்குனிக் காலைக்குத் திரும்புகிறேன்.

டீ முடிந்தது. மரம் ஏறுகிற ஸ்டீபன், புளியமரத்தில் ஏணியைச் சாத்தினார். ஒல்லியான ஆள், என் வயதுதான் இருக்கும். ஏறுவதற்கு முன்னால் தார்ப்பாயைக் கழற்ற வேண்டும். அதன் ஒரு பக்கக் கயிறு புளியமரத்திலும், மறுபக்கக் கயிறு தூங்குமூஞ்சியிலும், நடுவில் கல்லுக்கால்களிலும் கட்டியிருந்தது. ஸ்டீபன் புளியமரத்தைச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

“அக்கா, முடிச்சக் காணமுங்க. கவுறு மரத்துக்குள்ள போயிருச்சு.”

“போவாம என்ன? கட போட்ட அன்னிக்குக் கட்டுனது. ஏழு வருசமாச்சு. தொய்ஞ்சதுமில்ல, அந்ததுமில்ல, நான் தொட்டதுமில்ல. மரத்தோட சேத்தே வெட்டிப்போடுங்க” என்றார் பழனியம்மாள். பிறகு, வேண்டா வெறுப்பாக ஒரு உதவி செய்கிறவர் போல, “அக்கட்டாலக் கவுற மொதல்ல அவுருங்க. அது சுளுவு. இந்த மூணு மாசத்துல மூணு தடவ ஒட்டுப்போட்டுக் கட்டியாச்சு. அந்த மரத்துக்கு என்ன கெரகமோ, கவுற இழுத்து இழுத்து அத்துப்போடுது.”

நான் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். தூங்குமூஞ்சிக்குப் போகும் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. முதலில் பழைய நைலான். அதில் ஒரு முழம் தேங்காய் நார்க் கயிறு ஒட்டுப் போட்டிருந்தது. அப்புறம் ஒரு நீலக் கயிறு. கடைசியில் கிழித்த சேலைத் துணி. மூன்று ஒட்டு, மூன்று முடிச்சு. கல்லுக்கால் நகராது. அப்படியானால்?

“அக்கா, மொதத் தடவ எப்ப அந்துச்சு?”

“மார்கழியில. கேபிளுக்குக் குழி தோண்டுனாங்கல்ல, அதுக்கப்பறம்.”

“குழி எங்க தோண்டுனாங்க?”

“இதென்னுங்க, உங்க காலுக்குக் கீழதான்.”

குனிந்து பார்த்தேன். சாலையோரமாக வந்த குழி, ஊருக்குள் திரும்புவதற்காகக் கடைக்கும் தூங்குமூஞ்சிக்கும் நடுவில் வளைந்து போயிருந்தது. மூடி, மண் இறுகி, மேலே சருகு விழுந்து, இருந்த சுவடே இல்லை.

ஓடிப்போய் மொபெட்டிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து வந்தேன். அவசரத்தில் நூல் சிக்கிக்கொண்டது. ஸ்டீபன் வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். ஐம்பத்தெட்டில் தொங்கவிட்டேன். குண்டு டிரான்ஸ்பார்மர் பக்கமாக நான்கு விரல் தள்ளித் தொங்கியது.

“இது முந்தி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுக்கா?”

“இது எங்க சாஞ்சுது? சித்தெ எங்க கடப் பக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

மாசியில் நான் அளந்தபோது அந்த மரம் நேராக இருந்தது உண்மை. கடைப் பக்கமிருந்து டிரான்ஸ்பார்மர் பக்கம் போகிற வழியில், நான் குண்டு பிடித்த அன்றைக்கு, அது நேராக இருக்கிற இடத்தைக் கடந்துகொண்டிருந்தது. நான் அதற்கு வெள்ளை வளையம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஸ்டீபன் ஒரு குச்சியை எடுத்து மரத்தின் அடியில், கடைப் பக்கம், சருகை விலக்கிக் குத்தினார். குச்சி ஒரு முழம் உள்ளே போயிற்று. மரத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். மண், கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி மாதிரி எழுந்து அமர்ந்தது.

“அட கெரகமே” என்றார் ஆறுச்சாமி. “இது ஆடற பல்லாட்டல்ல இருக்குது!”

எழுதிக் கொடுத்தது

மணி பத்தே கால். இருப்பது ஒரு மரத்துக்கான நேரம்.

ஆறுச்சாமி பட்டியலை விரித்தார். “லிஸ்டுல அம்பத்தேழுதானுங்க இருக்குது. அம்பத்தெட்டுக்கு வெள்ள. ரெண்டும் உங்க கையெழுத்துங்.” அவர் குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். பட்டியலில் இருக்கும் மரத்தை வெட்டினால் யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள். இல்லாத மரத்தை வெட்டினால் கேட்பார்கள்.

அதிகாரியிடம் கேட்க வேண்டும். போன் இருந்தது எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில். ஆறுச்சாமி ரோட்டைத் தாண்டும்போது பழனியம்மாள் பின்னாலிருந்து கத்தினார்: “கடைசியில அவனூட்டு போனுலதான் என்ற மரத்துக்கு உசுரு வரோணுமா?”

ஐந்து நிமிடம். எனக்கு அது ஒரு பாடவேளை நீளம் இருந்தது. நான் பழனியம்மாளைப் பார்க்காமல் நின்றேன். இந்த ஒரு மரம் தப்பு என்றால் நான் குறி போட்ட மற்ற மரங்கள்? வேலை போய்விடும் என்ற பயத்தை விட, அந்தச் சிவப்பு டப்பாவைத் திறந்தபோது எனக்கு இருந்த தைரியத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

ஆறுச்சாமி திரும்பி வந்தார். “அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தா மாத்திக்கச் சொல்றாரு. ஒரு மணிக்கு மேல ஒரு நிமிசம் கெடையாதுங்கறாரு.”

நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஐம்பத்தேழுக்கு நான் போட்ட குறி தவறு. ஐம்பத்தெட்டுக்கு நான் போட்ட குறியும் தவறு.

ஆறுச்சாமி வாங்கிப் படித்தார். தலையைச் சொறிந்தார். “எதுக்குங் ரெண்டு தடவ தப்பு தப்புன்னு? படிக்கறவனுக்கே சங்கட்டமா இருக்கும். குறி ரெண்டும் மாறிப்போச்சு, மாத்திக்கவும்னு எழுதுங்க. ஒரு தப்புப் போதும்.”

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, ‘நேரில் பார்த்தேன், அடி வேர் இல்லை’ என்று எழுதித் தன் பெயரையும் போட்டார். அவர் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. யாரும் கேட்கவில்லை. பின்னால் பிரச்சினை வந்தால் மாட்டிக்கொள்ள இன்னொரு ஆள் என்று தன்னையே எழுதிக்கொண்டார். இதற்கு நான் அன்றைக்கு நன்றி கூடச் சொல்லவில்லை. இந்தப் பத்தி அதற்குத்தான்.

“ஸ்டீபா, ஏறு!”

முழு மரத்தையும் இறக்க நேரமில்லை. தலையை இறக்கினால் போதும் என்றார் ஸ்டீபன். இலையும் கிளையும் இல்லாவிட்டால் காற்றுக்குப் பிடிப்பு கிடையாது. அடிமரத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். தார்ப்பாயை மடித்துவிட்டார்கள். தூங்குமூஞ்சிக் கயிற்றை மட்டும் கல்லுக்காலில் அப்படியே விடச் சொன்னேன். எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கிளைகளை முதலில் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வடம் கட்டி, அறுத்து, நான்கு பேர் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். பன்னிரண்டரைக்குக் கடைசிப் பெரிய கிளை தரையைத் தொட்டது. தொட்டதும் அடிமரம் ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி கடைப் பக்கம் அசைந்து திரும்பியது. காலையிலிருந்து விறைத்து நின்ற அந்த ஒட்டுப்போட்ட கயிறு தொய்ந்து தொங்கியது.

பழனியம்மாள் அந்தக் கயிற்றைப் போய் ஒரு தரம் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

இறங்கி வந்த ஸ்டீபன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். “இதுலயும் மேல பட்டுப்போன கௌ ஒண்ணு இருக்குதுங்க. எடுத்துரலாமா?” மணி பன்னிரண்டு ஐம்பது. இனி நேரமில்லை என்று ஏணியை இறக்கச் சொல்லிவிட்டார் ஆறுச்சாமி.

“தண்ணி வேணுமுங்களா?” என்று பழனியம்மாள் கேட்டார். எல்லோருக்கும் மோர் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார்.

கயிறு கட்டுகிறவர்கள்

அடுத்த பத்து நாட்கள் நான் குறி போட்ட மரங்களுக்கெல்லாம் திரும்பப் போனேன். இந்தத் தடவை குண்டை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மரத்தில் யார் கயிறு கட்டுகிறீர்கள்?

எத்தனை பேர் கட்டுகிறார்கள் தெரியுமா! துணி காயப்போடுகிறவர்கள், ஆடு கட்டுகிறவர்கள், பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறவர்கள், பொங்கலுக்குத் தோரணம் கட்டுகிறவர்கள். “போன வருசத்த விட இப்பக் கொடி தொங்குதுங்க” என்று ஒருவர் சொன்னால் அந்த மரத்தின் அடியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறுவேன். “அப்பிடியேதானுங்க இருக்குது” என்றால் அடுத்ததற்குப் போவேன். பதினொரு மரங்களுக்குக் குறி மாற்றினேன். என்னை அனுப்பிய குழு, வேலையை விட்டு நீக்கவில்லை. மாற்றியதற்கெல்லாம் காரணம் எழுதச் சொன்னார்கள். அதுவும் நன்றிக்குரியதுதான்.

காற்றுக்கு மறுநாள்

பிறகு அந்தக் காற்று வந்தது. ஒரு சாயங்காலம், அரை மணி நேரம். போத்தனூரில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. என் தூக்கமும் போய்விட்டது.

விடிந்ததும் மொபெட்டை எடுத்தேன். பஸ் ஓடவில்லை. வழியெல்லாம் பச்சை இலை வாசனை. எத்தனை இடத்தில் இறங்கி, வயலுக்குள் வண்டியைத் தள்ளிச் சுற்றி வந்தேன் என்று நினைவில்லை. விழுந்த மரங்களின் எண்ணைப் படித்துக்கொண்டே போனேன். சிவப்புப் போட்டும் வெட்ட ஆள் வந்து சேராதவை விழுந்திருந்தன. நான் வெள்ளை போட்டதிலும் இரண்டு விழுந்திருந்தன. சிவப்புப் போட்ட ஒன்று கம்பீரமாக நின்றது. எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும் கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். முதலில் டிரான்ஸ்பார்மர் தெரிந்தது, நின்றது. பக்கத்தில் இன்னும் எடுக்காமல் விட்டிருந்த மொட்டை அடிமரம். அப்புறம் ஐம்பத்தேழு. அதே சாய்வு. அதே எட்டிப் பார்க்கிற தலை.

கடைதான் அலங்கோலமாக இருந்தது. ஸ்டீபன் காட்டிய அந்தப் பட்ட கிளை நடுவில் விழுந்து, தார்ப்பாயைக் கிழித்து, பெஞ்சை இரண்டாக உடைத்திருந்தது. நல்லவேளை, காற்று எழுந்ததும் பழனியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

இப்போது அவர் அங்கேதான் இருந்தார். கிழிந்த இடத்தில் ஒரு போர்வையைக் கட்டிவிட்டு, இரண்டு அடுப்பையும் மூட்டியிருந்தார். கடைக்கு முன்னால் ஒரு ஜனக்கூட்டம். வடக்கே ஒரு மரமும் தெற்கே ஒரு மரமும் விழுந்ததில் நடுவில் மாட்டிக்கொண்ட நான்கு பஸ், ஆறேழு லாரி, ஒரு கல்யாண வேன். முன்தினம் இரவிலிருந்து பசியோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அத்தனை பேரும் புளியமரத்தடியில். எதிர்ப்பக்கத்துப் பேக்கரிக்காரர் இரண்டு கையிலும் பால் தூக்கோடு ரோட்டைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டு, “இதோட தீந்துதுங் அக்கா” என்று திரும்பி ஓடினார்.

நான் மொபெட்டை நிறுத்திவிட்டு உடைந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது? அந்தக் கிளைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். “அக்கா, அன்னிக்கே அந்தக் கிளைய…” என்று ஆரம்பித்தேன்.

பழனியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“வந்துட்டயா? அந்தக் கதையெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாம் கண்ணு. டம்ளர் ஒண்ணு கூட இல்ல, பாரு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிக் கழுவிட்டு வா. ஓடு.”

பக்கத்தில் ஊர்ப் பொதுக்குழாய். ஊருக்குள் கம்பி எங்கும் அறுபடவில்லை. விடிகாலையிலேயே லைன் கொடுத்துவிட்டார்களாம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அலுமினிய வாளி நிறைய டம்ளரோடு போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது.

சுடிதார்க் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரோடு திறந்து பஸ்கள் கிளம்பும்போது மத்தியானமாகிவிட்டது. அதுவரை கழுவிக்கொண்டே இருந்தேன்.